மைனஸ் போட மறந்துட்ட

"அண்ணே, மறுபடியும் தூக்கிருச்சு" என்று ரோஸ்லின் சொன்னபோது தவசிக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். வெட்கம் அடுத்த மூச்சில் வந்தது என்றாலும் முதலில் வந்தது அதுதான். தொழில் செய்கிற சாமான் காணாமல் போனதற்குச் சந்தோஷப்படுகிற ஸ்டூடியோக்காரன் அருப்புக்கோட்டையிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டு, பாதி திறந்த சாப்பாட்டு டப்பாவை மூடி ஓரமாக நகர்த்தினார். மணி ஒன்றரை. ஆல்பம் வேலை பார்க்கும் ரோஸ்லினின் கம்ப்யூட்டரில், வலது மூலையில் சிவப்புப் பெட்டி வந்து நின்றது. ஆபத்தான கோப்பு ஒன்று பிடிபட்டது, தனியே அடைத்து வைத்திருக்கிறோம், பயப்பட ஒன்றுமில்லை என்று ஆன்டிவைரஸ் ஆங்கிலத்தில் சொன்னது. 'நேரம்' என்ற பெயரோடு குட்டிக் கடிகாரப் படம் இருந்த இடம் காலியாகக் கிடந்தது. நாலு மாதமாகச் சும்மா இருந்த கழுதை இன்றைக்குத்தான் உதைத்திருக்கிறது. ஆகவே கூப்பிடலாம். ஓசூரில் இருக்கும் மகன் கதிரேசனைக் கூப்பிட ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அவனோடு பேச உலகத்தில் அவருக்கு மிச்சமிருந்த ஒரே காரணம் அதுதான், 'நேரம்' என்ற அந்தச் சின்னப் புரோகிராமை அவன் எழுதியிருக்கிறான், அதை ஆன்டிவைரஸுக்குப் பிடிக்கவில்லை. உடனே கூப்பிட்டுவிட வேண்டாம், கொஞ்சம் ஆறட்டும், பறந்துகொண்டு வந்த மாதிரி இருக்கக்கூடாது என்று போனைக் கையில் எடுத்து, திரும்ப மேசையில் வைத்தார்.

நாலு மணிக்குள் பென்டிரைவைக் கொடுத்தாக வேண்டும். முந்தாநாள் நடந்த கல்யாணம், பெண்ணின் அண்ணன் முனீஸ்வரன் காலையிலிருந்து மூன்று முறை போன் பண்ணிவிட்டான், "போட்டோக்காரண்ணே, தங்கச்சியும் மாப்பிள்ளையும் சாயங்காலம் ரயிலேறுறாங்க, கையில குடுத்து விட்டுரணும்ணே" என்று. கொடுக்கலாம்தான். ஆனால் இரண்டு கேமராவில் எடுத்த இரண்டாயிரத்துச் சொச்சம் போட்டோவும் நேரப்படி வரிசையாக வர வேண்டுமே. இரண்டாவது கேமராவின் கடிகாரம் நாற்பத்தேழு நிமிடம் முந்தி ஓடுகிறது. அதைத் திருப்பி வைக்க ஒரு நிமிடம் போதும், ஏழெட்டு வருடமாக யாரும் வைக்கவில்லை. மண்டபத்துக்குள் நுழைந்ததும் போட்டோ எடுக்கிறவன் லைட்டைப் பார்ப்பானா, மாப்பிள்ளை வீட்டுக்காரன் கத்துவதைக் கேட்பானா, கேமராவுக்குள் மணி பார்ப்பானா? எல்லா ஸ்டூடியோவிலும் இந்தக் கூத்துதான். அப்படியே கலந்து போட்டால் பெண்ணுக்குத் தாலி ஏறின பிறகு பெண் அழைப்பு வரும், மெட்டி போட்டுக்கொண்டு நிற்கிற பெண்ணுக்கு அதன் பிறகு நலங்கு வைப்பார்கள். ஒரு தடவை ஒரு தகப்பனார் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "என்னய்யா, தாலி கட்டுறதுக்கு முன்னாடியே எம்பொண்ணு பால் பழம் சாப்புடுறா" என்று கடை வாசலில் நின்று சத்தம் போட்டார். அன்றைக்குத்தான் பாலிடெக்னிக் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்த கதிரேசன் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இருப்பா, ஒனக்கு ஒண்ணு எழுதித் தாரேன்" என்றான். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினான். போட்டோவுக்குள்ளேயே எடுத்த நேரம் எழுதியிருக்குமாம், இது உள்ளே போய் அந்த நேரத்தை மட்டும் மாற்றிவிட்டு வெளியே வந்துவிடும். சாம்பல் நிறத்தில் ஒரு ஜன்னல், நிமிடத்தைப் போட ஒரு கட்டம், 'மாத்து' என்று ஒரு பொத்தான். அவ்வளவுதான். இதற்காக அவனை ஒரு வார்த்தை பாராட்டினாரா என்று யோசித்துப் பார்த்தார். டீ வாங்கிக் கொடுத்தது ஞாபகம் இருந்தது.

அந்தக் கட்டத்தில் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி போட வேண்டும். தவசி எப்போதும் மறந்துவிடுவார். மறந்தால் ஒரு சின்னப் பெட்டி எழும்பும், அதில் தமிழில் எழுதியிருக்கும்: 'அப்பா, மைனஸ் போட மறந்துட்ட. பரவாயில்ல, இன்னொரு தடவ போடு.' முதல் தடவை அதைப் பார்த்தபோது "எடுபட்ட பய, அப்பனுக்கே பாடம் நடத்துறான்" என்று கடையே கேட்கச் சிரித்தார். அவன் ஓசூருக்குப் போன பிறகு ஒரு நாள் நிஜமாகவே மறந்தார், பெட்டி வந்தது, வெகுநேரம் அதை மூடாமல் வைத்திருந்தார். அதற்குப் பிறகு மறந்ததெல்லாம் வேண்டுமென்றே மறந்ததுதான். ரோஸ்லின் சாப்பிடப் போகிற நேரமாகப் பார்த்து உட்கார்ந்து, மைனஸ் இல்லாமல் நாற்பத்தேழு என்று போட்டு, பொத்தானை அமுக்கி, அதைப் படிப்பார். இப்போதெல்லாம் போனில் கதிரேசன் அப்பா என்று கூப்பிடுவதில்லை. "சொல்லுங்க" என்பான். நீ, வா, போ என்று மடியில் கிடந்த பிள்ளை நீங்க, வாங்க என்கிறான். அந்தப் பன்மையில் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியாது, மரியாதை இல்லை என்று யாரிடமும் போய் முறையிட முடியாது. அவனுடைய அம்மா செல்லத்தாயிடம் தினமும் பேசுகிறான், என்ன குழம்பு என்று கேட்கிறான். அப்பா பக்கத்தில்தான் இருக்கார் பேசுறியா என்று அவள் கேட்டால் சார்ஜ் இல்லை என்கிறான். மூன்று வருடமாகத் தினமும் ஒரே நேரத்தில் எப்படித்தான் சார்ஜ் தீருமோ.

போதும் ஆறியது என்று போனை எடுத்தார். மணி போய்க்கொண்டே இருந்தது, நாலாவது மணியில் கட் ஆனது. 'மீட்டிங்' என்று ஒரு வார்த்தை வந்தது. சரி, மீட்டிங் இருக்கும், கம்பெனி என்றால் மீட்டிங் இல்லாமலா. சிவப்புப் பெட்டியைப் போட்டோ எடுத்து அனுப்பினார், 'மறுபடியும் பிடித்துவிட்டது, அவசரம்' என்று அடித்தார், அவசரம் என்பதை அழித்துவிட்டு அனுப்பினார், அப்புறம் அவசரம் என்று தனியாக அனுப்பினார். ரோஸ்லின் சும்மா இருக்கிற ஆள் இல்லை. "அண்ணே, தம்பிய எதுக்குத் தொந்தரவு பண்ணிக்கிட்டு, நெட்ல இது மாதிரி ஆயிரம் கிடக்கு, நான் ஒண்ண எறக்குறேன்" என்று அவர் பதில் சொல்வதற்குள் தேட ஆரம்பித்துவிட்டாள். தவசி சாப்பாட்டு டப்பாவைக் கிட்டே இழுத்தார். திறக்கவில்லை. அவள் இறக்கிய முதல் சாமான் ஒரு தடவைக்குப் பத்துப் போட்டோதான் மாற்றுவேன், மேலே வேண்டுமானால் வாங்கு என்றது. நல்லது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். இரண்டாவது, எல்லாப் போட்டோவுக்கும் ஒரே நேரத்தை எழுதிவிட்டது, மொத்தக் கல்யாணமும் காலை ஒன்பதேகாலுக்கு ஒரே நொடியில் நடந்து முடிந்தது. ரோஸ்லின் தலையில் அடித்துக்கொண்டாள், அவருக்குச் சிரிப்பு வந்தது, அது ஆசுவாசச் சிரிப்பு. மூன்றாவது கறுப்பு ஜன்னலைத் திறந்து, எழுத்து எழுத்தாக ஏதோ கட்டளை கேட்டுக்கொண்டு நின்றது. "இது நமக்கு ஆகாதுண்ணே" என்றாள். "அதான் சொல்றேன், அவன் எழுதுன மாதிரி வராது" என்று சொல்லும்போது குரலில் பெருமை வந்துவிட்டது, அவள் திரும்பிப் பார்த்தாள், பிறகு பார்க்காத மாதிரித் திரும்பிக்கொண்டாள். அவளுக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன்னால், அது நடந்த அன்றைக்கு, அவளும் இதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

இந்தக் கோப்பை நம்புகிறீர்களா, நம்பினால் விடுவிக்கலாம் என்று சிவப்புப் பெட்டிக்குக் கீழே ஒரு கேள்வி இருக்கும். ஒவ்வொரு தடவையும் தவசி யோசிக்காமல் நம்புகிறேன் என்பதைத்தான் அமுக்குவார், ஆன்டிவைரஸ் ஒரு மணி நேரத்தில் திரும்பத் தூக்கிவிடும், அப்புறம்தான் கதிரேசன் ஏதோ மாற்றி எழுதிப் புதுசு அனுப்புவான். நம்புகிறேன். என் மகன் எழுதியது, கெடுதல் செய்யாது. ஒரு இயந்திரம் கேட்டால் எவ்வளவு சுலபமாகச் சொல்ல வருகிறது. அன்றைக்கு நாலு பேர் கேட்டார்கள். வைகாசி முகூர்த்தம், கல்யாணப் பெண் அறைக்குள் சேலை மாற்றுகிற போட்டோ ஒன்று மறுநாள் ஊரில் போனுக்குப் போன் சுற்றியது. பெண்ணின் மாமன்மார் நாலு பேர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கடைக்குள் வந்து, "கேமராவோட உள்ள போயி வந்தது ஒங்க ஆளுகதான" என்றார்கள். இரண்டாவது கேமரா கதிரேசனிடம் இருந்தது. கண்ணாடிக் கதவு, இருபத்திரண்டு வருடக் கடை, வெளியே கூடுகிற கூட்டம், எல்லாம் சேர்ந்து தவசியின் தலைக்குள் ஒரு இரைச்சல். "எடுத்தியாடா?" என்றார். "இல்லப்பா" என்றான். "பொய் சொல்லாத" என்று சொல்லும்போதே கை போய்விட்டது. சத்தம் அவரே எதிர்பார்க்காத அளவு பெரிதாகக் கேட்டது. அவன் கன்னத்தைத் தடவவில்லை. "நம்ம கேமரா கார்டப் பாருப்பா. நேரம் போட்டிருக்கும். அந்த நேரத்துல நான் மேடைல நின்னேன். ஒரு தடவ பாரு" என்றான். அவர் பார்க்கவில்லை. பார்க்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும், கேமரா கடிகாரத்தைத் திருப்பி வைக்க ஆகிற அதே ஒரு நிமிடம். போட்டோ பெண்ணின் தோழி போனிலிருந்து போனது என்று எட்டாம் நாள் தெரிந்தது. மாமன்மார் ஒரு கிலோ ஆப்பிளோடு வந்து, தப்பா நினைச்சுக்கிறாதீங்கண்ணே என்றார்கள். அவர்கள்கூடச் சொன்னார்கள். தவசி பரவாயில்லை என்று சொல்லி ஆப்பிளை வாங்கிக்கொண்டார். கதிரேசன் அதற்குள் பை எடுத்துக்கொண்டு பஸ் ஏறியிருந்தான். அன்று மத்தியானம்தான் அவர் கார்டைப் போட்டுப் பார்த்தார், அதில் இருந்த நேரத்திலிருந்து அவனுடைய புரோகிராமை வைத்தே நாற்பத்தேழு நிமிடத்தைக் கழித்துப் பார்த்தார். அந்த நேரத்துக்கு நாதஸ்வரக்காரரின் உப்பிய கன்னம், பதினாறு போட்டோ, ஒன்று விடாமல் மேடையிலிருந்து எடுத்தது.

அதை அவனிடம் சொல்ல வேண்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் போனை எடுக்கிறார். கார்டப் பாத்தேன்டா என்று ஆரம்பித்தால் போதும், மீதி தானாக வந்துவிடும். மூன்று வருடத்தில் பதினோரு தடவை ஆன்டிவைரஸ் பிடித்திருக்கிறது, பதினோரு தடவை பேசியிருக்கிறார், பதினோரு தடவையும் "அது வந்து..." என்று ஆரம்பித்து, அந்தச் சிவப்புப் பெட்டி திரும்ப வந்துவிட்டது என்றுதான் முடித்திருக்கிறார். ஒரு முறை இது ஏன் நம்ம சாமானை மட்டும் பிடிக்கிறது என்று கேட்டார், பேச்சை நீட்டத்தான். அவன் நீளமாகப் பதில் சொன்னான், மூன்று வருடத்தில் அவன் பேசிய அதிகபட்சம் அதுதான்: "பெரிய கம்பெனி புரோகிராம்ல டிஜிட்டல் கையெழுத்து இருக்கும். நம்மளதுல இல்ல. ஊர்ல வேற யாரும் வச்சிருக்கவும் இல்ல. பைலுக்குள்ள போயி எழுதுதுன்னதும் சந்தேகம் வந்துருது. அது எதுவும் செஞ்சதுக்காகப் பிடிக்கல. செய்யும்னு நெனச்சுப் பிடிக்குது." ஆன்டிவைரஸைப் பற்றித்தான் சொன்னானா? இன்றுவரை தெரியவில்லை, பாதித் தூக்கத்தில் முழித்தால்கூட அந்த வாக்கியம்தான் வந்து நிற்கிறது. இன்னொரு முறை, ஆறு மாதம் ஒரு சிவப்புப் பெட்டியும் வராமல், தாங்க முடியாமல், பிடித்துவிட்டது என்று பொய் சொன்னார். அவன் அங்கிருந்தே கடைக் கம்ப்யூட்டருக்குள் வந்து பார்த்தான். அம்புக்குறி தானாக நகர்ந்து 'நேரம்' மீது போய் நின்றது, திறந்தது, ஒழுங்காக ஓடியது. அந்த அம்புக்குறி கொஞ்ச நேரம் அசையாமல் நின்றதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாத்தான ஓடுது" என்றான், வைத்துவிட்டான். பொய் சொல்லாதே என்று மகனை அறைந்தவனின் பொய் அப்படி வெட்டவெளிச்சமாக மாட்டியது. இனிச் செத்தாலும் அவனிடம் பொய் சொல்வதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தார்.

இரண்டரைக்குப் போன் அதிர்ந்தது. மேசையில் வைத்திருந்தால் ரோஸ்லின் பார்ப்பாள் என்று மடியில் வைத்திருந்தார். ஒரு இணைப்பு வந்திருந்தது, அதற்குக் கீழே கதிரேசனின் எழுத்து. 'இத எறக்கிக்கோங்க. இலவசம்தான். கையெழுத்து இருக்கு, ஆன்டிவைரஸ் பிடிக்காது. நான் எழுதினதை இனி மாத்திக்கிட்டே இருக்க முடியாது, நேரமில்ல. இது வேலை செஞ்சா இனி இதுக்காக நீங்க கூப்பிட வேண்டியிருக்காது.' தவசி அதை நாலைந்து தடவை படித்தார். கோபம் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடினார், கோபம் இருந்தால் நல்லது, கோபம் இருந்தால் இன்னும் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். இல்லை. தெரியாத ஒருவருக்குப் பஸ் நம்பர் சொல்வதைப் போல ஒழுங்காக, மரியாதையாக எழுதியிருந்தான். அவனே தேடியிருக்கிறான். மீட்டிங்கில் உட்கார்ந்துகொண்டு, அப்பனிடமிருந்து தப்பிக்க வழி தேடியிருக்கிறான். "என்னண்ணே, தம்பி அனுப்பிருச்சா?" என்று ரோஸ்லின் கேட்டாள். அனுப்பியிருக்கான் என்று போனை நீட்டினார், இல்லை என்று சொல்லியிருக்கலாம் என்று நீட்டின பிறகு தோன்றியது.

அது இறங்கிக்கொண்டிருந்தபோது தவசி குலசாமியைக்கூடக் கூப்பிடவில்லை, இப்படி ஒரு வேண்டுதலை எந்தச் சாமியிடம் வைப்பது, என் மகன் அனுப்பியது பழுதாக இருக்க வேண்டும் என்றா? பத்துப் போட்டோவோடு நிற்கட்டும். ஒன்பதேகாலில் நிற்கட்டும். காசு கேட்கட்டும். சிவப்புப் பெட்டியாவது வரட்டும், எத்தனை நல்ல கோப்பைப் பிடித்திருக்கிறாய், இதையும் பிடி. சிவப்புப் பெட்டி வரவில்லை. ரோஸ்லின் இரண்டாவது கேமராவின் முதல் கார்டு போட்டோவைக் காட்டினாள், மைனஸ் நாற்பத்தேழு போட்டாள், அமுக்கினாள். அவர் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்தது. "ஆத்தாடி, என்ன வேகம்ணே!" என்றாள். பெண் அழைப்பு, நலங்கு, முகூர்த்தம், மெட்டி, பால் பழம், பந்தி. எல்லாம் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தன. 'நேரம்' எழுதியதைவிடவும் துல்லியமாக, நொடிக்கணக்குகூடச் சரியாக. கல்யாணத்தில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. போன் மறுபடியும் அதிர்ந்தது. 'வேலை செய்யுதா?'

செய்யவில்லை என்று ஒரு வார்த்தை. அப்படி அடித்தால் அவன் உள்ளே வந்து பார்ப்பான், அம்புக்குறி வரும், அவன் கை இந்தக் கடைக்குள் வரும், அசையாமல் நிற்கும், பார்த்துவிட்டுப் போகும், அதோடு சரி. அப்புறம் பொய்யன் என்பது மட்டும்தான் அவனிடம் மிஞ்சும். செய்யுது என்று அடித்தால் அது உண்மை, உண்மை சொன்னதோடு எல்லாம் முடிந்துவிடும். அவர் விரல் 'கார்டப் பாத்தேன்' என்று அடித்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எந்தக் கார்டு என்பான். மூன்று வருடத்துக்கு முன்னால் பார்த்ததை இப்போது ஏன் சொல்கிறீர்கள் என்பான், அதுகூட இல்லாமல் சரி என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டால்? அந்தச் சரியை வாங்கிக்கொண்டு எங்கே போவது? எழுத்து எழுத்தாக அழித்தார். 'செய்யுது' என்று அடித்து அனுப்பினார். இரண்டு நீலக் குறி விழுந்தது. எழுதிக்கொண்டிருக்கிறான் என்று மேலே காட்டியது, நின்றது, திரும்பக் காட்டியது. ஒரு கட்டை விரல் படம் வந்தது.

"அண்ணே, அந்தக் கேமராவோட ரெண்டாவது கார்டு மட்டும் நீங்க போட்டுருங்க, நான் கை கழுவிட்டு வந்துடுறேன்" என்று ரோஸ்லின் எழுந்து போனாள். தவசி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். புதுச் சாமானில் நிமிடத்தைப் போடுகிற கட்டம் வெள்ளையாகத் திறந்து கிடந்தது. நாற்பத்தேழு என்று போட்டார். மைனஸ் போடவில்லை. வேண்டுமென்றே விட்டாரா, பழக்கத்தில் விட்டுப்போனதா, அவருக்கே தெரியவில்லை. பொத்தானை அமுக்கினார். அது எதுவும் கேட்கவில்லை. சொன்னபடி நாற்பத்தேழு நிமிடத்தைக் கூட்டி எழுதிவிட்டு, முடிந்தது என்று ஆங்கிலத்தில் சொல்லி ஓரமாக நின்றது. திரையில் எல்லாரும் பந்தியில் சாப்பிட்டு எழுந்து போயிருந்தார்கள். அதற்குப் பிறகு மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தான். தவசி கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பெட்டி எழும்பும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார்.